அக்கா, கொஞ்சம் ரத்தம்

திருப்பதியில் ஒரு ஹோட்டல் ஹாலில் எங்களைப் போன்ற அரசு டாக்டர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றி ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். கோட் போட்ட ஒருவர் எங்களை வட்டமாக நிற்கவைத்து, பலூன் ஒன்றைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். மற்றவர்கள் பலூன் தங்கள் பக்கம் வரட்டும் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் பக்கம் வந்து தொலைக்குமோ என்று ஒதுங்கி நின்றேன். மத்தியானம் போட்ட புளியோதரை நன்றாக இருந்தது. அதைத் தவிர அன்றைய பயிற்சியில் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

நான் மயக்க மருந்து டாக்டர். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்டால் நல்ல நல்ல காரணங்கள் சொல்வேன். சொல்லாத காரணம், இதில் அதிகம் பேச வேண்டாம் என்பதுதான். நோயாளி தூங்கிவிடுவார். கத்தி பிடிப்பவர் கட்டளை போடுவார். நான் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மானிட்டரைப் பார்த்து உள்ளுக்குள் கவலைப்பட்டால் போதும். கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரி. காலையில் பஸ் ஏறிய பிறகு, காஸை அணைத்தேனா என்று பார்க்கச் சொல்லி என் அப்பாவுக்கு போன் போடாத நாளே கிடையாது. "அல்லாருக்கும் நீ மயக்க மருந்து குடுக்கற, உனுக்கு எவன் குடுக்கறது?" என்பார் நைனா.

எங்கள் வீடு சித்தூரில். வேலை, கார்வேட்டிநகரம் தாண்டிப் புத்தூர் போகும் பாதையில் இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில். அங்கே பிரசவ ஆபரேஷன்தான் அதிகம். கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் ஒரே வழிதான், "திருப்பதிக்கு எழுதிடு." சீட்டு எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால் எங்கள் பொறுப்பு முடிந்தது. அதற்கப்புறம் திருப்பதியில் இருக்கும் பெரிய டாக்டர்கள் பாடு. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன், நானே எத்தனையோ முறை நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறேன்.

ஆபரேஷன் தியேட்டரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய ஊர்களில் சிஸ்டர் என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் அக்கா. தெலுங்குக்காரருக்கும் அக்கா, தமிழருக்கும் அக்கா. தியேட்டரில் மூன்று பேர் எனக்கு மூத்தவர்கள். தலைமை நர்ஸ் ஒருவர், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் ஒருவர், சுத்தம் செய்கிறவர் ஒருவர். மூன்று பேரும் எனக்கு அக்காதான். தலைமை நர்ஸ் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவர். அவருக்கு முன்னால் எனக்கு வாயே வராது. அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால்கூட, "அக்கா, ஒரு சின்ன ஊசி இருந்தா நல்லா இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். மூவரில் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவசரம் இல்லாத நாட்களில் இது மரியாதையாகவும் இருந்தது, வேலையும் நடந்தது.

அது புரட்டாசி மாதம், திருமலையில் கருட சேவை நாள். எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் உட்பட ஆஸ்பத்திரியில் பாதிப் பேரை மருத்துவ முகாம் வேலைக்கு அங்கே அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக ரத்தம் எடுத்துவர ஓடும் அண்ணாவும் போய்விட்டார். தியேட்டரில் மிச்சம் இருந்தது மூன்று அக்காக்கள், நான், எங்கள் பிரசவ டாக்டர். பிரசவ டாக்டர் கைராசிக்காரர். எல்லாருக்கும் அவர் பெரிய மேடம்.

காலை வெயில் ஏறிய நேரத்தில் கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. புருஷன் ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான், மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் ஓயாத பெண். மூத்தவனுக்கு இட்லி ஊட்டிவிட்டு வந்தேன், அவன் துன்னானோ துப்பினானோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏற்ற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. பிறந்ததும் வீல் என்று அழுதது. "அவுங்க நைனா மூக்குதான்" என்று அவள் சிரித்தாள். பெரிய மேடம் சிரிக்கவில்லை. ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சத்தம் நிற்காமல் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை.

"கர்ப்பப்பை சுருங்கமாட்டேங்குது" என்றார் மேடம்.

குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் திறந்துவிட்ட குழாய் மாதிரி ரத்தம் போகும். சுருங்கவைக்கும் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினேன். மானிட்டரில் நாடி ஏறியது, பிரஷர் இறங்கியது.

"டாக்டரம்மா, கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாள் அவள். கொஞ்ச நேரம் முன்னால் இட்லியைப் பற்றிப் பேசிய அதே வாய்தான், ஆனால் உதடு வெளுத்துப்போயிருந்தது.

நான் சொன்னேன், "அக்கா, கொஞ்சம் ரத்தம் கொண்டாந்துட்டா நல்லா இருக்கும்."

"ஆங், சரிம்மா" என்று பதில் வந்தது. ஒரு குரல் அல்ல, மூன்று குரல். எனக்குத் தைரியம் வந்தது. அவளை முழுமையாகத் தூங்கவைத்துத் தொண்டையில் மூச்சுக் குழாயைப் போட்டு மெஷினோடு இணைத்தேன். அந்த வேலையில் வேறு எதையும் கவனிக்க முடியாது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பிரஷர் இன்னும் இறங்கியிருந்தது.

"ரத்தம் எங்கக்கா?"

மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை. தலைமை நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மேடத்துக்குத் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் யாரும் வழுக்கி விழாமல் இருக்கத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அக்கா போயிருப்பாங்கன்னு நெனச்சேம்மா" என்றார் தரையைத் துடைத்தவர்.

யாரும் போகவில்லை. கேட்டபோது நான் யாரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டேன். இரண்டு பை ரத்தம் பக்கத்துக் கட்டடத்துக் குளிர்பெட்டியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. இங்கே ஒருத்தி வற்றிக்கொண்டிருந்தாள். காதுக்குள் என் நாடிதான் கேட்டது, அவளுடையதை விட வேகமாக.

அப்போது பெரிய மேடம் சொன்னார், "துணி அடைச்சு மூடிடறேன். திருப்பதிக்கு அனுப்பிடலாம். சீட்டு எழுதுங்க."

என்றைக்கும் கேட்கிற வார்த்தை, என்றைக்கும் நான் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை. அன்றும் ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று திருப்பதிப் பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மஞ்சள் துணி கட்டி நடந்து வருகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் வேன்கள், பஸ்கள், மோர்ப்பந்தல்கள். ஆம்புலன்ஸ் ஆமைபோலத்தான் ஊரும். ரத்தம் ஏற்றாமல் இவளை அந்தப் பாதையில் அனுப்பினால் பாதி வழியில் போய்விடுவாள். சீட்டு மட்டும் திருப்பதி போய்ச்சேரும்.

"அனுப்ப வேணாம் மேடம்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். "இப்ப வேணாம். ரோட்டுலயே போயிடுவாங்க. நீங்க ரெண்டு கையாலயும் கர்ப்பப்பைய அமுக்கிப் புடிங்க. ரத்தம் ஏறட்டும், அப்பறம் தையல் போட்டுப் பாருங்க."

மேடம் என்னைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கோபமா, பயமா, தெரியவில்லை. பிறகு குனிந்து இரண்டு கைகளாலும் பிடித்தார். "நான் கைய எடுக்க முடியாது. மத்ததெல்லாம் நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பலூன் என் பக்கம் வந்துவிட்டது.

அண்ணா இல்லாத அன்று குளிர்பெட்டியின் சாவியும் ரத்தம் எடுக்கும் அதிகாரமும் தலைமை நர்ஸிடம்தான் இருந்தன. போக வேண்டியவர் அவர்தான். அக்கா என்றால் மறுபடியும் மூன்று தலை திரும்பும். நான் ஸ்டூலை விட்டு எழுந்து, கையை நீட்டி, விரலால் அவரைக் காட்டி, அவர் பெயரைச் சொன்னேன். வெறும் பெயர். அக்கா இல்லை, அம்மா இல்லை, பின்னால் எதுவுமே இல்லை.

"நீ போ. ரெண்டு பை ரத்தம். உன் கையிலதான் வரணும். ஓடு."

எங்கள் அத்தை ஒருத்தி வயலில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்துவாள். அந்தக் குரல் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அம்மாவின் வயதுக்காரரை நீ என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த ஊசியை என் தட்டில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். முட்டிவலிக்காரர். தாழ்வாரத்தில் அவர் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது.

வாய் திறந்த பிறகு அது நிற்கவில்லை. தரையைத் துடைத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று தெரிய, நனைந்த துணிகளை ஒரே இடத்தில் போட்டு எனக்குக் காட்டச் சொன்னேன். கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸிடம், மேடம் கையைத் தவிர வேறு எதையும் பார்க்காதே என்றேன். கதவருகில் எட்டிப் பார்த்த எங்கள் ஆஸ்பத்திரி மருந்தாளரை, சித்தூர் ரத்த வங்கிக்கு போன் போட்டு ஜீப்பை அனுப்பச் சொன்னேன். "முடிஞ்சதும் திரும்பி வந்து எங்கிட்ட சொல்லு. சொல்லாம இருந்தா நடக்கலன்னு நெனச்சுக்குவேன்." அவர் என் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்தவர். "சரேண்டி" என்று பாதித் தெலுங்கில் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை நர்ஸ் இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். "ரெண்டு பை. பேரும் குரூப்பும் சரி பாத்துட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரத்தம் ஏறியது. பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. மேடம் கர்ப்பப்பையைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பைக்கு வார் போடுகிற மாதிரி ஒரு தையல் போட்டு இறுக்கினார். எல்லாரும் அந்த உறிஞ்சு குழாயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அது விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றது. தரையைத் துடைத்த அக்கா, "நாராயணா" என்று சுவரில் சாய்ந்தார்.

என் கவலை அத்துடன் தீரவில்லை. சித்தூரிலிருந்து வந்த ரத்தமும் ஏறிய பிறகு அவள் சொந்தமாக மூச்சுவிட்டாள், குழாயை எடுத்துவிட்டேன். ஆனால் சிறுநீர்ப் பை காலியாகவே இருந்தது. கிட்னி அடிவாங்கியிருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். சித்தூரில் கேட்டேன், படுக்கை இல்லை. கடைசியில் திருப்பதிதான். இந்தத் தடவை சீட்டோடு நானும் ஏறினேன்.

புத்தூரைத் தாண்டியதும் வண்டி நின்று நின்று போனது. கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் துணிக் கூட்டம், கோவிந்தா கோவிந்தா என்று ஒரே முழக்கம். சைரன் கேட்டு அவர்கள் ஒதுங்கத்தான் பார்த்தார்கள், ஒதுங்க இடம் இருந்தால்தானே. பிரஷர் மறுபடி சரிந்தது. கையோடு எடுத்து வந்திருந்த கடைசி ரத்தப் பையைத் தூக்கிப் பிடித்து என் கையாலேயே அமுக்கினேன். அவள் கண் மூடிக் கிடந்தாள்.

"அம்மா, கண்ணத் தொறம்மா. அம்மா."

கன்னத்தைத் தட்டினேன். அம்மா என்று ஊரில் எல்லாரையும்தான் கூப்பிடுகிறோம். அவளைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை நேரம் அவள் எனக்குக் கார்வேட்டிநகரம் கேஸாகத்தான் இருந்தாள். அவள் பெயரைச் சொல்லி, தியேட்டரில் போட்ட அதே சத்தத்தில் கத்தினேன்.

"என்னா?" என்றாள். சமையலறையில் வேலையாக இருக்கும்போது யாரோ தொந்தரவு செய்த மாதிரி எரிச்சலாக. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு திருப்பதி போய்ச்சேரும் வரைக்கும் நான் அவளை விடவில்லை. மூத்தவன் இட்லி துன்னானா, என்ன சட்னி, பாப்பா மூக்கு யார் மூக்கு என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தேன். திட்டினாள். திட்டட்டும் என்று விட்டேன்.

அவளை உள்ளே ஒப்படைத்துவிட்டு அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து வெட்கம் இல்லாமல் அழுதேன். நைனாவுக்கு போன் போட்டேன். நான் பேசுவதற்கு முன்னாலேயே, "காஸ் அணைச்சாச்சி" என்றார்.

அவளுக்குச் சிறுநீர் இறங்கியது, படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள் என்று திருப்பதியிலிருந்து செய்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அது தீர்ந்ததும் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது, தலைமை நர்ஸ். அவர் என்னிடம் முறைத்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், மரியாதை கொடுத்தார். இத்தனை வருஷமாக என்னை "வாம்மா, துன்னியா?" என்று கேட்டவர், "எஸ் மேடம், ஓகே மேடம்" என்றார். தினமும் பஸ்ஸில் வரும்போது மன்னிப்பை ஒத்திகை பார்ப்பேன். அவரைக் கண்டதும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள், "அக்கா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

ஆனால் தியேட்டரில் ஒன்றை மாற்றினேன். ஆபரேஷன் தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் பெயரோடு அக்கா சேர்த்துக் கூப்பிட்டு, ரத்தம் யார், மருந்து யார், போன் யார் என்று முகம் பார்த்துச் சொல்வேன். பெரிய மேடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். முதலில் சிரித்தவர்கள்கூடப் பிறகு அதற்காகக் காத்து நின்றார்கள். தலைமை நர்ஸ் முறை வரும்போது மட்டும் பெயர் தொண்டையில் நின்றுவிடும். கையை அவர் பக்கம் காட்டி மழுப்பிவிடுவேன்.

மழை பிடித்த ஒரு காலையில், தியேட்டருக்குள் போகக் கிளம்பியபோது, கையில் குழந்தையோடு அந்தக் கார்வேட்டிநகரத்துப் பெண் வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கம்பெனிச் சட்டையோடு புருஷன் குடையை மடக்கிக்கொண்டிருந்தான். தலைமை நர்ஸ் குழந்தையை வாங்கி எடை பார்த்தார்.

"வண்டியில எம்பேர சொல்லி அதட்டிக்கினே வந்தது நீங்கதானே?" என்றாள் அவள்.

ஆமாம் என்றேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க மாமியாகூட அப்டி கூப்ட்டதில்ல. எனுக்குப் போதும்னு ஆயிட்ச்சி டாக்டரம்மா. தூங்கிடலாம், அவ்ளோதான்னு இருந்திச்சி. யாரு இது, உடமாட்டேங்கறாங்களேன்னு கோவமா வந்திச்சி. அந்தக் கோவத்துலதான் முழிச்சிக்கினு இருந்தேன்."

தலைமை நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவளிடம் சொன்னார்.

"என்னையுந்தான் கூப்ட்டாங்க. அக்கா கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ போ, ஓடுன்னாங்க. இங்க வந்து இத்தினி வருஷத்துல என்னை எவரும் அப்டி சொன்னதில்ல." குழந்தையை அவள் கையில் வைத்தார். "கோவம் இன்னும் இருக்குது. ஆனா அக்கான்னு கூப்ட்டிருந்தா நான் அன்னைக்குப் போயிருக்கமாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவ கூப்ட்டாங்களே, போனேனா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள கேஸ் ரெடியா இருக்குது. இன்னைக்கு ரத்தத்துக்கு யார் போறது?"

நான் அவர் முகத்தைப் பார்த்து அவர் பெயரைச் சொன்னேன்.

"ஆங்" என்றார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.